ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

இதய ரத்தக்குழாயில் அடைப்பை நீக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்டவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாச் சமயங்களிலும் ‘எடுக்கலாம்’ என்பதே விடை. ஆனாலும் முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள், பதிவு மேசையில் படிவத்தை நிரப்பும்போது, ‘உடலுக்குள் உலோகம் ஏதேனும் உள்ளதா’ என்ற வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, அருகில் நிற்கும் மகனின் முகத்தைப் பார்ப்பதை எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை செய்யும் நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ‘ஆஞ்சியோ பண்ணும்போது ஸ்பிரிங் வச்சாங்க’ என்பார்கள். எந்த ஆண்டு வைத்தார்கள், எத்தனை வைத்தார்கள், என்ன பெயர் என்று கேட்டால், ஃபைல் ஊரில் பீரோவுக்குள் இருக்கிறது என்பார்கள். அன்றைக்கு ஸ்கேன் தள்ளிப்போனால் அதற்குக் காரணம் நெஞ்சுக்குள் இருக்கும் ஸ்டென்ட் அல்ல. பீரோவுக்குள் இருக்கும் அந்த ஃபைல்தான். ஸ்கேன் நாள் குறிக்கப்பட்டதிலிருந்து, எடுத்து முடித்து வீடு திரும்பும் வரை எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை, அதற்கான காரணத்தோடு இங்கே எழுதுகிறேன். காரணம் தெரிந்தவருக்கு வீண் பயமும் இராது, கவனக்குறைவும் இராது.

காந்தம் ஸ்டென்டை என்ன செய்யும்?

நம் ஊர்களில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவை 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டவை. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. இவ்வளவு பெரிய காந்தம் உடலுக்குள் இருக்கும் உலோகத்தைப் பிடித்து இழுத்துவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரங்களின் மீது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். சிலவற்றில் ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் நழுவி விழும். எல்லாமே எவர்சில்வர்தான் என்றாலும், எஃகில் கலந்த உலோகங்களையும் அதன் உள்ளமைப்பையும் பொறுத்து காந்த ஈர்ப்பு மாறுகிறது. இதய ஸ்டென்டுகளில் பழைய தலைமுறையைச் சேர்ந்தவை 316எல் என்ற வகை எஃகால் ஆனவை. அது காந்தம் ஒட்டாத குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு வந்தவை பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் அல்லது பிளாட்டினம்-குரோமியம் கலவையில் செய்யப்படுகின்றன. கால், கழுத்து ரத்தக்குழாய்களில் வைக்கப்படுபவற்றில் பல நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையால் ஆனவை. இவற்றுள் எதையும் எம்.ஆர்.ஐ. காந்தம் இடம்பெயரச் செய்யும் அளவுக்கு இழுப்பதில்லை.

அது மட்டுமல்ல. ஸ்டென்ட் குழாய்க்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும் பொருள் அல்ல. பலூனைக் கொண்டு மிகுந்த அழுத்தத்தில் விரித்து, குழாயின் உட்சுவரோடு பதித்து வைக்கப்பட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தின் அசைவையும், அதற்குள் பாயும் ரத்தத்தின் வேகத்தையும் வைத்த நிமிடத்திலிருந்தே அது தாங்கி நிற்கிறது.

‘ஸ்டென்ட் வைத்து ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது’ என்று பலர் இன்னும் சொல்லக் கேட்கலாம். ஸ்டென்டின் கம்பிகள் மீது திசு வளர்ந்து மூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முன்னெச்சரிக்கையாக ஒரு காலத்தில் அப்படிச் சொல்லப்பட்டது. அமெரிக்க இதயக் கழகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் காத்திருப்பைத் தேவையற்றதாக்கியது. சோதிக்கப்பட்ட இதய ஸ்டென்டுகளைப் பொறுத்தவரை, அவற்றை வைத்த பின் எப்போது வேண்டுமானாலும், 3 டெஸ்லா வரையிலான கருவியில் ஸ்கேன் எடுக்கலாம் என்பதே அதன் சாரம். மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவருக்கு இதயத் தசை எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று பார்க்க, சில நாட்களுக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதுண்டு. அவசரமாக மூளை ஸ்கேன் தேவைப்படும் ஒருவரை, ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவது அவருக்கு நன்மை செய்வதாகாது.

இழுவிசையை விட நாங்கள் கவனமாகப் பார்ப்பது வெப்பத்தைத்தான். படம் எடுப்பதற்காகக் கருவி ரேடியோ அலைகளைச் செலுத்தும்போது உடல் சிறிது சூடாகிறது. உலோகம் இருக்கும் இடத்தில் அந்தச் சூடு சற்றுக் கூடலாம். ஸ்டென்ட் நீளமாக இருந்தாலோ, இரண்டு ஸ்டென்டுகளை ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு தொடர்ச்சியாக வைத்திருந்தாலோ மொத்த நீளம் கணக்கில் வருகிறது. அதனால்தான் நிறுவனங்கள் தங்கள் ஸ்டென்டை எவ்வளவு நீளம் வரை சோதித்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுகின்றன. நாங்களும் ‘எத்தனை ஸ்டென்ட், என்ன அளவு’ என்று துருவிக் கேட்கிறோம். உடல் முழுவதற்குமாக ஒரு கிலோ எடைக்கு 2 வாட் என்ற எல்லைக்குள் கருவியை இயக்குவது வழக்கமான முறை. ஸ்டென்டுகளின் நிபந்தனைகள் பெரும்பாலும் இந்த எல்லையைத்தான் கேட்கின்றன. குழாய்க்குள் ஓடும் ரத்தமும் சூட்டை எடுத்துச் சென்றுவிடுகிறது.

இன்னொரு விளைவு, படத்தில் விழும் கறுப்பு. ஸ்டென்ட் இருக்கும் இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் ஓட்டை விழுந்தது போல் கறுத்துத் தெரியும். மூட்டையோ முதுகையோ படமெடுக்கும்போது நெஞ்சில் இருக்கும் ஸ்டென்டால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் ‘ஸ்டென்டுக்குள் மறுபடியும் அடைப்பு வந்திருக்கிறதா என்று இதிலேயே பார்த்துவிடுங்கள்’ என்று கேட்டால் அது இயலாது. அதற்கு சி.டி. ஆஞ்சியோவோ வழக்கமான ஆஞ்சியோவோதான் வேண்டும்.

தேதி குறித்தவுடன் தேட வேண்டிய காகிதங்கள்

முதலில் தேட வேண்டியது ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் சிகிச்சை விவரம் எழுதியுள்ள பகுதியிலோ, தனியாக உள்ள ஆஞ்சியோபிளாஸ்டி அறிக்கையிலோ, எந்த ரத்தக்குழாயில் எந்தப் பெயருள்ள ஸ்டென்ட் வைக்கப்பட்டது என்று இருக்கும். பல மருத்துவமனைகளில் ஸ்டென்ட் வந்த பெட்டியிலிருந்த சிறிய ஸ்டிக்கரை உரித்து அந்தக் காகிதத்திலேயே ஒட்டிவிடுவார்கள். நீள்சதுரமான அந்த ஸ்டிக்கரில் ஸ்டென்டின் பெயர், நிறுவனம், லாட் எண், காலாவதி நாள், அளவு ஆகியவை இருக்கும். ‘2.75 x 24’ என்று இருந்தால், 2.75 மில்லிமீட்டர் விட்டமும் 24 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது என்று பொருள். எங்களுக்கு நூறு கேள்விகளுக்கு விடை அந்த ஒரு ஸ்டிக்கர். சில நிறுவனங்கள் ஏ.டி.எம். கார்டு அளவில் ஓர் அட்டையும் தருகின்றன. அதைப் பணப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சம்மரி கிடைக்கவில்லை என்றால் பில்லைத் தேடுங்கள். இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தபோது, பில்லில் ஸ்டென்டின் விலையைத் தனியாகக் காட்டி, அதன் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், பேட்ச் எண் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டது. விலைக்காக வந்த அந்த விதி, பல ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவருக்கும் உதவுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் கையிலிருந்து பணம் கட்டியிருக்க மாட்டார்கள். ஆகையால் வீட்டில் பில் இல்லாமல் போகலாம். ஆனால் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவிலும், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் பதிவேட்டிலும் விவரம் இருக்க வாய்ப்புண்டு. உள்நோயாளி எண்ணையும் சேர்ந்த தேதியையும் சொல்லிக் கேளுங்கள். எண் மறந்திருந்தால், பழைய மருந்துச் சீட்டுகளின் தலைப்பில் பெரும்பாலும் அது இருக்கும்.

கிடைத்த காகிதங்களை அன்றே கைபேசியில் தெளிவாகப் படமெடுத்து, உங்களோடு கூட வரக்கூடிய ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டு முறை, இரண்டு மருத்துவமனைகளில் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இரண்டின் விவரமும் வேண்டும். முதலில் வைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு ஸ்கேன் மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்டென்டின் பெயரையும் வைத்த ஆண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் நிறுவனத்தின் குறிப்பேட்டைப் பார்த்து நிபந்தனைகளைச் சரிபார்க்க அரை மணி நேரம் கிடைத்தாலே போதும். நீங்கள் வந்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை.

அட்டையிலோ குறிப்பேட்டிலோ ஒரு குறியீடும் இருக்கலாம். 2005 முதல் மருத்துவச் சாதனங்களுக்கு மூன்று குறியீடுகள் வழக்கத்தில் உள்ளன. பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்.ஆர்.ஐ. அறையிலும் ஆபத்தில்லை, சிவப்பு வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் உள்ளே கொண்டுபோகவே கூடாது, மஞ்சள் முக்கோணம் என்றால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாதுகாப்பானது. உலோக ஸ்டென்டுகள் இந்த மஞ்சள் முக்கோண வகையில்தான் வருகின்றன. சாலையில் பார்த்த எச்சரிக்கைப் பலகையின் நினைவில் அந்த முக்கோணத்தைக் கண்டு மிரண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிரள வேண்டியதில்லை. எத்தனை டெஸ்லா, எவ்வளவு ரேடியோ ஆற்றல், எவ்வளவு நேரம் என்று அதில் எழுதியிருப்பவை கருவியை இயக்குகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனைகள்.

எவ்வளவு தேடியும் எந்த விவரமும் கிடைக்கவில்லை என்றால்? அதற்காக ஸ்கேனே எடுக்க முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். வைக்கப்பட்டிருப்பது இதய ஸ்டென்ட்தான், வேறு சாதனம் எதுவும் உடலில் இல்லை என்று உறுதியானால், ரேடியாலஜி மருத்துவர் உங்கள் இதயநோய் மருத்துவரோடு பேசி, ஸ்கேனின் அவசியத்தையும் எடைபோட்டு, வழக்கமான ஆற்றல் எல்லைக்குள் எடுக்க முடிவு செய்யலாம். அந்த முடிவு மருத்துவர்களுடையது. உங்கள் பங்கு, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வது மட்டுமே. ஸ்கேன் தள்ளிப்போய்விடக் கூடாதே என்று ஊகமாக ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

‘ஸ்டென்ட்’ என்று எல்லாவற்றையும்தான் சொல்கிறார்கள்

ஸ்டென்ட் என்றவுடன் இதயம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பித்தக்குழாயில் வைப்பதும் ஸ்டென்ட், சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை செய்துவிட்டு வைக்கும் டி.ஜே. குழாயும் ஸ்டென்ட், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியதற்கு வைக்கும் துணி போர்த்த பெரிய குழாயும் ஸ்டென்ட். மேலே இதய ஸ்டென்டைப் பற்றிச் சொன்ன உறுதியை இவை எல்லாவற்றுக்கும் அப்படியே நீட்டிக்க முடியாது. டி.ஜே. குழாய்கள் பெரும்பாலும் பாலிமரால் ஆனவை என்றாலும், எளிதாக வெளியே எடுப்பதற்காக முனையில் காந்தம் பொருத்தியவையும் உண்டு. பெருந்தமனியில் வைத்த பழைய சாதனங்கள் சிலவற்றில் காந்த ஈர்ப்புடைய எஃகு இருந்திருக்கிறது. ஆகவே எந்த உறுப்பில், எதற்காக வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூளைக்குள் வைத்தது எதுவானாலும் தனியாக, அழுத்தமாகச் சொல்லுங்கள். ரத்தக்குழாய் வீக்கத்தை அடைக்கப் போடும் கிளிப்பை, சொல்லத் தெரியாமல் ‘ஸ்டென்ட் மாதிரி ஒன்று’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. காந்த ஈர்ப்புடைய அத்தகைய பழைய வகைக் கிளிப் ஒன்று எம்.ஆர்.ஐ. அறையில் நகர்ந்து நோயாளி உயிரிழந்த நிகழ்வு 1993-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதேபோல், மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கு ஸ்டென்டோடு பேஸ்மேக்கரோ, ஐ.சி.டி. என்ற அதிர்ச்சிக் கருவியோ தோள்பட்டைக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும். இவற்றுக்குத் தனி ஏற்பாடு தேவை. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் கருவியின் அமைப்பை மாற்றிச் சரிபார்க்க ஆள் வர வேண்டும். சிலருக்கு எடுக்கவே முடியாமலும் போகலாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாகிரெலார் போன்ற, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை எம்.ஆர்.ஐ.க்காக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ‘நாளைக்கு ஸ்கேன், அதனால் காலையில் மாத்திரை போடவில்லை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதறும். பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ நிறுத்தச் சொன்ன நினைவில், எல்லாப் பரிசோதனைக்கும் அதுதான் விதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் மாத்திரையை விட்டால், அதுவும் ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் விட்டால், ஸ்டென்டுக்குள் ரத்தம் திடீரென உறைந்து மாரடைப்பு வரக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர் எம்.ஆர்.ஐ.யை முன்னிட்டுச் சந்திக்கக்கூடிய பெரிய ஆபத்து, என் பார்வையில், காந்தம் அல்ல, இந்தத் தவறுதான். ஸ்கேனைப் பார்த்த பிறகு முதுகுக்கு அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானால், மாத்திரையை எப்போது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அப்போது இதயநோய் மருத்துவர் சொல்வார்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பது ஸ்கேனைப் பொறுத்தது. முதுகு, மூட்டு, மூளை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வயிற்றுப் பகுதிக்கோ மயக்க மருந்து கொடுத்து எடுப்பதற்கோ சில மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். அப்போதும் இதய மாத்திரைகளை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதய ரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. என்றால், முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது என்பார்கள். காப்பியில் உள்ள காஃபின் அந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். படம் தெளிவாக இருக்க நரம்பில் கடோலினியம் மருந்து செலுத்துவதானால், சிறுநீரகக் கோளாறு இருப்பதை மறைக்காமல் சொல்லி, அண்மையில் எடுத்த கிரியாட்டினின் முடிவைக் கையோடு கொண்டு வாருங்கள்.

அன்று காலை

உடலுக்குள் பதிந்திருக்கும் ஸ்டென்டை விட, உடலின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு பொருட்களே எங்களை அதிகம் கவலைப்படுத்துகின்றன. தாலிச் சரட்டை எடுத்துக்கொள்வோம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும், சூடாகும், கழுத்துப் பக்கம் படத்தைக் கெடுக்கும். அந்தச் சரட்டில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்து வைத்திருக்கும் இரண்டு மூன்று ஊக்குகள் இருக்கின்றனவே, அவை இரும்பு. காந்தத்தின் வாயை நெருங்கியதும் சரட்டோடு விறைத்து எழும்பும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. வீட்டிலிருந்தே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அது அருமையான வழி. ஆண்கள் இடுப்பில் உள்ள வெள்ளி அரைஞாண், கழுத்து டாலர், புஜத்தில் கட்டிய உலோகத் தாயத்து ஆகியவற்றை மறந்துவிடுவார்கள். மெட்டி, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பல்செட், காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கைபேசி, ஏ.டி.எம். கார்டு எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். உலோக இழை கலந்த பனியன்களும் உண்டு என்பதால் மையத்தில் கொடுக்கும் உடையை மாற்றிக்கொள்வதே உத்தமம்.

இதய நோயாளிகளுக்கென்றே ஒரு குறிப்பு. நெஞ்சுவலிக்காக நைட்ரோகிளிசரின் மருந்துப் பட்டையை மார்பில் ஒட்டியிருப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இத்தகைய மருந்துப் பட்டைகள் சிலவற்றின் முதுகுப்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு இருப்பதால், ஸ்கேனின்போது தோல் சுடும் அபாயம் உள்ளது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-இல் எச்சரித்தது. அதை எப்போது எடுத்துவிட்டு எப்போது மறுபடி ஒட்டுவது என்று உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய நாள் ஈ.சி.ஜி. எடுத்தபோது ஒட்டிய வில்லைகள் மார்பில் மிச்சமிருந்தால் அவற்றையும் உரித்துவிட வேண்டும்.

கூட வருகிறவருக்கும் இதே விதிகள்தான். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. இரவும் பகலும் விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனபோது, காந்தம் இழுத்த வேகத்தில் உயிரிழந்தார். அவர் உடலில் ஸ்டென்டோ வேறு சாதனமோ காரணம் அல்ல. கையில் இருந்த சிலிண்டர்தான். ஊழியர் அழைக்காமல் அந்தக் கதவைத் தாண்டாதீர்கள், சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

மேசையில் படுத்த பிறகு

படுத்ததும் கைகளைக் கோத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்வது நம் பழக்கம். இங்கே அது கூடாது. கையும் கையும் தொட்டால் உடலே ஒரு வளையமாகி, அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, தொடும் இடத்தில் தோல் சுடக்கூடும். கால் மேல் கால் போடுவதும் அப்படியே. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, கருவியின் சுவரில் படாமல், இடையில் வைக்கும் பஞ்சு அட்டையை நகர்த்தாமல் இருங்கள். காதடைப்பானை நன்றாகப் பொருத்திக்கொள்ளுங்கள். சத்தம் பலமாக இருக்கும்.

உங்கள் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து தரப்படும். அதை அழுத்தினால் எங்களுக்கு மணி ஒலிக்கும். லேசான வெதுவெதுப்பு இயல்பு. ஆனால் ஏதேனும் ஓரிடம் மட்டும் சுட்டால், நெஞ்சு இறுக்கினால், மூச்சுத் திணறினால், படம் கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே அழுத்துங்கள். படத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உங்களிடம் இருந்தால், உடை மாற்றும் அறையில் பூட்டி வைக்காமல், வெளியில் காத்திருப்பவர் கையில் கொடுத்து, அது அவரிடம் இருப்பதை எங்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் சட்டென எழுந்து நிற்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றலாம். அடுத்த வேளை மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும், எத்தனை டெஸ்லா கருவியில் எடுத்தது என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு, தேதியோடு ஸ்டென்ட் விவரம் உள்ள காகிதத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்தக் காகிதத்தின் ஒரு நகல் பீரோவில் இருக்கட்டும். இன்னொன்று நீங்கள் மாத்திரை வைக்கும் டப்பாவில் இருக்கட்டும்.